அப்பாவுக்குப் போட்டுக் காட்டிய பிரெஞ்சுப் படம்

தொண்ணூறுகளின் நடுவில், பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தபோது, எனக்கு வாய் கூடிவிட்டது என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். பதினாலு வயது. பிரெஞ்சுச் சிநேகிதிகளோடு திரிகிறேனாம், கேட்டால் எதிர்த்துக் கதைக்கிறேனாம். டொரன்டோவில் பெரியப்பா வீட்டில் விட்டுப் படிப்பித்தால் அடங்கிவிடுவேன் என்பது அப்பாவின் கணக்கு. அம்மா மட்டும், "நீ போக மாட்டாய், நான் அப்பாவோடை கதைக்கிறன்" என்று தலையைத் தடவிச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இருந்தேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் காட்டினார்கள். வீட்டில் கவனிக்க ஆளில்லாத ஒரு பாரிஸ் பொடியன். பள்ளிக்கு ஒளிக்கிறான், பொய் சொல்கிறான், கடைசியில் பெற்றவர்களே அவனைச் சீர்திருத்தப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் அழுதார்கள். பிரான்சில் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள் என்று ரீச்சர் சொன்னார். அப்பாவும் பார்த்தால் மனம் மாறுவார் என்று எனக்குப் பட்டது. கசெட்டை இரவல் கேட்டு வாங்கினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு எங்கள் வீட்டில் தமிழ்ப் படம் ஓடும். அன்று இதைப் போட்டேன். ரீவிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது. அம்மாவுக்கோ அந்தப் பொடியனின் தாயில்தான் இரக்கம் வந்தது. வேலைக்குப் போய்க் களைத்து வருகிற மனுசி என்ன செய்வாள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொடியன் தப்பி ஓடுவதோடு படம் முடிந்தது. தமிழ்ப் படங்கள் இரண்டு கசெட்டில் வருகிறவை. அப்பா மற்றக் கசெட்டைப் போடச் சொன்னார். அதில் பொடியன் திருந்தி வந்து தாய் தகப்பன் காலில் விழுவான் என்று காத்திருந்திருக்கிறார். இவ்வளவுதான் படம், கொண்டுபோய் விட்டதால்தான் அவன் திருந்தவில்லை என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் கொடுமை.

"இல்லைப் பிள்ளை. பிந்திக் கொண்டுபோய் விட்டிட்டினம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார்.

"ஓம். பெரியப்பா அங்கை பள்ளிக்கூடத்திலை உன்னைப் பதிஞ்சிட்டார். உனக்குச் சொல்லத்தான் நேரம் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

அப்பா மீது எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. அவர் சொன்னதைத்தான் செய்தார். டொரன்டோவுக்குப் போன பிறகு, ரெலிபோனில் அம்மாவின் குரல் கேட்டால் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.