பாரம் ஏற்றிப் பார்த்து வாங்கிய லெப்டொப்

நான் படித்தது தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பிறகு லொறியில் கிளீனர், அப்புறம் டிரைவர், அப்புறம் சொந்தமாகவே மூன்று லொறி. லிந்துலைப் பக்கத்து லீக்ஸும் கேரட்டும் என் லொறியில் ஏறித்தான் கொழும்பைப் பார்த்தன. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஏழெட்டு வருடம் கழித்து, என் ஒரே மகளுக்குக் கொழும்பில் மென்பொருள் எழுதும் வேலை கிடைத்தது. புதிதாகத் தொடங்கிய சின்னக் கம்பெனி. லெப்டொப்பை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம். கூடப் படித்த கூட்டாளியோடு போய்ப் பார்த்து வாங்குகிறேன் என்றாள். மிஷின் வாங்குவதில் என்னை மிஞ்ச எங்கள் ஹட்டனில் ஆள் உண்டா? அவளிடம் சொல்லாமலே, கொழும்பில் லோட் இறக்கிய கையோடு நானே வாங்கி வந்துவிட்டேன். சிவப்பு மூடி, பெரிய திரை, கையில் எடுத்தால் நல்ல கனம்.

புது லொறிக்குச் செய்வது போலக் கோயிலில் பூசையும் வைத்தேன். மூடியில் சந்தனப் பொட்டு. பூசாரி எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு டயர் எங்கங்க?" என்று முழித்தார்.

நான்கு மாதம் போனது. தீபாவளி லீவுக்கு மகள் வந்திருந்தாள். ஒரு காலை நேரம் கவனித்தேன். லெப்டொப்பில் எதையோ தட்டிவிட்டு எழுந்து போனாள். உடுப்பு மடித்தாள். வந்து பார்த்தாள். திரும்பப் போய் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மேசையில் லெப்டொப், ஏற்றத்தில் மாட்டிய பழைய பஸ் மாதிரி இரைந்துகொண்டே கிடந்தது.

"என்னா புள்ள, வேலையப் போட்டுட்டு வெங்காயம் உரிக்கிற?"

"வேலதாம்பா நடக்குது. நான் எழுதினதையெல்லாம் அது ஒண்ணாச் சேக்குது. கொஞ்ச நேரம் ஆகும்."

"கொஞ்ச நேரமா?" என்று மனைவி திரும்பினாள். "முக்கா மணி நேரம்! பக்கத்து மேசப் புள்ளைக்கு அஞ்சே நிமிஷமாம். இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு, வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு எங்கிட்ட அழுவுது. நீங்க என்னான்னா டவுன் முழுக்க செவப்பு லெப்டொப்பு, செவப்பு லெப்டொப்புன்னு பீத்திக்கிட்டுத் திரியிறீங்க."

"அம்மா! சொல்லாதீங்கன்னேன்ல!" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்து, "திரை பெருசுப்பா. கண்ணுக்கு நல்லாருக்கு" என்றாள்.

மனைவி சொன்னதைத் தாங்கிவிட்டேன். மகள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. பெயின்ட் பார்த்து லொறி வாங்கியவர்களை எத்தனை பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன். அதையே செய்து என் பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறேன். அவளும் நான்கு மாதம் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கும் வாய் எனக்கு அமையவில்லை. "லீவு முடிஞ்சு நீ போறப்ப நானும் வர்றேன். வேற மிஷின் பாப்போம். நீ எழுதினதையும் எடுத்துக்க" என்றேன்.

"அது எதுக்குப்பா?"

"பாரம் இல்லாம எப்பிடி ஓட்டிப் பாக்குறது?"

நான் லொறி வாங்கும் முறை அது. தரகர் என்ன சத்தியம் செய்தாலும், அரிசி மூட்டை அடுக்கிக் கினிகத்தேனை ஏற்றத்தில் ஏற்றிப் பார்க்காமல் காசைக் கையில் எடுக்க மாட்டேன். கம்பெனி வேலையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால், தான் பழகுவதற்கு எழுதிய அதே அளவு பாரமான ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டாள்.

கொழும்புக் கடையில் இருந்த முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். அவர் ஐந்தாறு லெப்டொப்பை வரிசையாக வைத்தார். மெமரி, ப்ரொசசர் என்று அவளும் அவரும் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். வெள்ளி நிறத்தில் ஒன்று, சவரக் கத்தி மாதிரி மெல்லிசு. அதைக் கண்டதும் எனக்கு வாயெல்லாம் பல். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுவே நல்லாருக்குப்பா. இதையே எடுப்போம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னப் பிள்ளையில் தீபாவளிச் சட்டை எடுக்கும்போதும் இப்படித்தான், துணியைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள்.

"தம்பி, இதுல புள்ளையோட வேலைய ஓட்டிப் பாக்கணும்" என்றேன்.

"கடைல வெச்சு அதெல்லாம் ஏலா ஐயா. இது லொறியா?"

"லொறியா இருந்தா அரிசி மூட்டையில்ல கொண்டாந்திருப்பேன்?"

நானா சிரித்துவிட்டார். "சரி, ரெண்டுல மட்டும் போட்டுப் பாருங்க." வெள்ளியையும், தடித்த கறுப்பு ஒன்றையும் தள்ளி வைத்தார்.

"நீ பாரு தாயி. நான் வெளிய நிக்கிறேன்" என்றேன்.

"ஏம்பா? உள்ளயே இருங்க."

"வேணாம். என் மூஞ்சியப் பாத்து நீ நாலு மாசம் பட்டது போதும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடைபாதையில் கடைக்கு முதுகு காட்டி நின்றேன். கொழும்பு வெயிலில் சட்டை நனைந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. மூன்று லொறி வாங்கியபோதும் நான் இவ்வளவு அடக்கமாக நின்றதில்லை.

மகள் வாசலுக்கு வந்தாள். "அப்பா, வெள்ளிக்கு இருவது நிமிஷம். கறுப்புக்கு ஏழு. ஆனா அது பாக்க மண்ணெண்ணெய் டின் மாதிரி இருக்கு. ஒங்களுக்குப் புடிக்காது."

எட்டிப் பார்த்தேன். "புடிக்கல" என்றேன்.

அவள் சிரித்தாள். அதற்கு மேல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே திரும்பி, "கறுப்புக்கு பில் போடுங்க நானா" என்றாள்.

தை பிறப்பதற்குள் அவளை நிரந்தரம் செய்துவிட்டார்கள். செய்தியைச் சொல்லப் போன் எடுத்தவள், அதைச் சொல்லி முடித்தும் வைக்கவில்லை. "அப்பா, இன்னொண்ணும் சொல்லணும். நீங்க பாத்துக் குடுத்த போர்டிங் வீடு சரியில்லப்பா. சோறு வாயில வைக்க முடியல" என்றாள். தண்ணீர் வராதது, விசிறி சுற்றாதது, வீட்டுக்கார அம்மாவின் வாய் என்று அரைமணி நேரம் சொன்னாள். நான் கொடுத்ததில் அவள் என்னிடமே குறை சொன்னது அதுதான் முதல் தடவை. நான் "ம், சொல்லு தாயி, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.