கடைசிக் கதவில் கேட்ட தட்டல்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆரணியில் நடந்தது இது. வேலூரில் கதவு, பெயிண்ட், சிமெண்ட் விற்றுக்கொண்டிருந்த ஒரு முதலாளி, கண்ணமங்கலத்திலும் எங்கள் ஊரிலும் புதுக் கிளைகள் திறந்தார். தறியையும் அரிசி மில்லையும் விட்டால் வேறு பிழைப்பில்லாத ஊரில் ஒரே கடையில் இருபது பேருக்கு மாதச் சம்பளம் என்றால் சும்மாவா? எனக்குக் கதவுப் பிரிவு கிடைத்தது. அப்பா படுத்த படுக்கை. என் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும்.

கடை வைத்தது பல வருஷம் பூட்டிக் கிடந்த கட்டிடத்தில். அதைப் பற்றி ஊரில் கண்டபடி பேசுவார்கள். அதனால் முதல் நாளே மேனேஜர், "பேய் கீய்னு யாருனா வாயத் தொறந்தா அன்னிக்கே வேல காலி" என்று சொல்லிவிட்டார்.

கதவு வாங்க வருகிறவர்கள் மரம் கெட்டியா என்று விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். நாள் முழுக்க டொக் டொக்கென்று கேட்கும். அன்று மத்தியானம் கரண்ட் இல்லை. வரிசையாக நிறுத்தியிருந்த கதவுகளுக்கு நடுவே நான் மட்டும் இருந்தேன். கடைசிக் கதவில் தட்டல் கேட்டது. "வாங்க, அது தேக்குங்க" என்றபடி போனேன். யாரும் இல்லை. மறுபடி தட்டல், கதவின் அந்தப் பக்கத்திலிருந்து. சுவரை ஒட்டிச் சாத்தியிருந்த கதவு அது, அங்கே ஒரு கை நுழையக்கூட இடம் கிடையாது. கதவை நகர்த்திப் பார்த்தேன். வெறும் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் சிமெண்ட் குடோன்.

சொன்னால் பேய்க் கதை என்று வேலை போய்விடும். அம்மா முகம் கண்ணுக்குள் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு மனசு கேட்காமல் மேனேஜரிடம் ஓடி, "குடோன்ல யாரோ தட்டறாங்க சார், ஜல்தி வாங்க" என்றேன்.

"இன்னாம்மா பேஜார் பண்ற" என்று முறைத்துக்கொண்டே வந்தார்.

சாத்தியிருந்த குடோனைத் திறந்தால், என்னோடு வேலைக்குச் சேர்ந்த லோடுமேன் சரிந்த சிமெண்ட் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தார். முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. சாப்பிடப் போயிருப்பார் என்று யாரும் அவரைத் தேடவில்லை. மூட்டைகளைப் புரட்டித் தள்ளி இழுத்ததில் உயிர் பிழைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரிடம், "நல்லவேள, செவுத்த தட்டுனீங்கண்ணா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நானா? ரெண்டு கையும் மூட்டைக்கு அடியில மாட்டிகினு இருந்துச்சிம்மா. மூச்சே வுட முடியல. எங்க தட்றது?"

தட்டியது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது; ஆனால் அதைவிட, உள்ளே ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்தபோது வெளியே என் வேலையை நினைத்து நான் தயங்கி நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.