சமையலறைத் தரையில் மூன்று தட்டல்கள்

இது நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து தரையில் காதை வைத்துப் பார்க்கலாம். எந்த நேரமும் வரலாம். நாங்கள் இப்போது கதவுக்குத் தாழ் போடுவதில்லை.

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன் பிறகு வெளி மனிதர்களிடம் பேசியதே குறைவு. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் மணிக்காரராக இருந்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடிப்பது அவர் வேலை. ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். கீழேயிருந்து மூன்று வந்தால், மேலே இருப்பவர் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். அடித்தால்தான் கூண்டு நகரும்.

கரித்தூள் அவருடைய நுரையீரலைத் தின்றுவிட்டது. பத்து வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அதனால் வீட்டிலும் மணிக் கணக்குதான். கட்டில் பக்கத்தில் ஒரு கைத்தடி. ஒரு தட்டு என்றால் 'போதும்'. இரண்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் தூக்கி உட்கார வை. நான் எந்த மூலையில் இருந்தாலும் மூன்றைத் திருப்பித் தட்டிவிட்டு ஓடுவேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முந்தைய வாரம் ஐந்து பேர் காணாமல் போனார்கள். அதில் ஒருவர் என் தாய்மாமா. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்து, வேறு ஊருக்கு ஓடிவிட்டார்கள் என்றது கம்பெனி. அப்பா மட்டும் ஒரே பேச்சில் நின்றார். "நான் மூணு அடிக்கல. அவங்க மேல வரல."

இப்போது அதே கம்பெனி எங்கள் தெருவின் கோடியில் திறந்தவெளிக் குழி வெட்டுகிறது. அதைத் தெரு வரைக்கும் அகலப்படுத்த அரசிடம் அனுமதி கேட்டிருந்தது. வெடி வைத்து வைத்து எல்லா வீட்டுச் சுவரும் பிளந்துவிட்டது. அடியில் பழைய சுரங்கம் இருக்கிறது, தெருவே உள்ளே போய்விடும் என்று நாங்கள் சொன்னோம். தெருவுக்கு அடியில் சுரங்கமே இல்லை, நீங்கள் வீடு கட்டிய லட்சணம் அப்படி என்றார்கள் அவர்கள்.

ராத்திரியில் வெடி வைக்கக் கூடாது. ஆனால் வைத்தார்கள். எதிர்வீட்டில் துணி தைக்கும் டெய்லர் அக்காதான் தெருப் பெண்களைச் சேர்த்து ஒரு வழி சொன்னாள். வீட்டுக்கு ஒரு டம்ளர். விளிம்பு வரை தண்ணீர். தரையில் வைத்துக் காவல் இருக்க வேண்டும். தண்ணீர் ஆடினால் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

அனுமதி கொடுப்பதற்கு முன் அரசு ஊர்க்காரர்களிடம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய நாள் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் மாசக்கணக்கா கண் முழிச்சிருக்க. நாளைக்கு நீதான் பேசற."

"என்னால முடியாதுக்கா."

"அம்மாகிட்ட சண்டை போட்டா எட்டு வீட்டுக்குக் கேக்குது. அந்த வாயைக் கூட்டிட்டு வா, போதும்."

அன்று இரவு அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வீட்டில் நானும் அப்பாவும்தான். மணி 1:10. சமையலறையில் டம்ளர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஆடவில்லை.

டொக்... டொக்... டொக்.

அப்பாதான் என்று நினைத்தேன். கைக்கு எட்டிய கரண்டியால் தரையில் மூன்று தட்டிவிட்டு எழுந்தேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தானாக. ஆறு மாதமாக அவரால் அது முடிந்ததில்லை.

கைத்தடி எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தது. அவர் கைக்கு எட்டாத இடம்.

"யாரு தட்டினது?"

"நீங்கதானேப்பா. நான் திருப்பித் தட்டினேன்."

"நான் தட்டல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"எத்தனை?"

"மூணு..."

அவர் முகம் மாறியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஏத்திட்டம்மா... நீ ஏத்திட்ட."

சமையலறையில் இரும்புக் கயிறு இழுபடும் சத்தம். க்ர்ர்ர்... க்ர்ர்ர்... கீழேயிருந்து மேலே.

பாத்திரமெல்லாம் அதிர வேண்டும். ஒன்றுகூட அசையவில்லை.

பிறகு நின்றது.

ஈரக்கரி வாசனை.

வாசல் கதவின் தாழ் விலகியது. உள்பக்கத் தாழ்.

நான் அப்பாவின் கையை விடவில்லை.

விடிந்ததும் பார்த்தேன். சமையலறையிலிருந்து வாசல் வரை கறுப்பாய் ஈரக் கால்தடங்கள். வெறுங்கால்கள். எல்லாம் வெளியே போனவை. டம்ளர் தண்ணீரும் கறுத்திருந்தது.

காலை பதினோரு மணிக்குக் கூட்டம். அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் போனோம். சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மட்டும் ஐந்து நாற்காலிகள் காலி. அதில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் துணியைத் தடவிப் பார்த்து எழுந்துகொண்டார்கள். நாற்காலி ஈரமாக இருந்தது.

கூட்டத்தை நடத்தும் அரசு அதிகாரி மேடையில் இருந்தார். கம்பெனி இன்ஜினியர் மைக்கைப் பிடித்தார்.

"அந்தத் தெருவுக்கு அடியில் சுரங்கம் எதுவும் கிடையாது."

டொக்... டொக்... டொக்.

மேடைக்கு அடியிலிருந்து. எல்லோரும் கேட்டோம். இன்ஜினியரும் கேட்டார். தன் காலைப் பார்த்தார்.

பின்வரிசையில் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

அப்பா கைத்தடியைத் தூக்கினார். மூன்று முறை அடித்தார்.

நான் எப்போது மேடைக்குப் போனேன் என்று தெரியாது. மைக் என் கையில் இருந்தது.

"துளை போட்டுப் பாருங்க. எங்க சமையலறையில போடுங்க. ஒண்ணும் இல்லைன்னா தெருவோட காலி பண்ணிட்டுப் போறோம்."

"பாப்பா, போய் உக்காரு" என்றார் இன்ஜினியர்.

"உக்கார மாட்டேன். ஆர்டர் எழுதட்டும். அப்புறம் உக்காருறேன்."

கூடமே எழுந்து நின்றது. அதிகாரி எழுதினார்.

இரண்டு வாரம் கழித்துத் துளை போட்டார்கள். நாற்பதாவது அடியில் இயந்திரம் வெற்றிடத்தில் விழுந்தது. கேமராவை இறக்கித் திரையில் காட்டினார்கள். சுரங்கம். எங்கள் அடுப்புக்கு நேர் கீழே சுவரோடு ஒரு இரும்புக் குழாய். முழுக்கத் துரு. கை எட்டும் உயரத்தில் ஒரு இடம் மட்டும் வெள்ளி போலப் பளபளத்தது. நேற்று வரை யாரோ அடித்துக்கொண்டிருந்தது போல.

குழாய்க்குக் கீழே ஐந்து ஜோடி பூட்ஸ். வரிசையாக, கழற்றி வைத்தது போல. ஒன்றில் கயிற்றுக்குப் பதில் சிவப்பு ஒயர். அம்மா திரையில் கை வைத்தாள். "என் தம்பியோடது."

அதிகாரி இரண்டாவது முறையும் தேடச் சொன்னார். முன்னும் பின்னும் பாறை சரிந்து அடைத்திருந்தது. ஒரு எலிகூட வெளியே போக வழியில்லை.

எலும்பு ஒன்றுகூட இல்லை.

எங்கள் தெருவுக்கு வந்த குழி நின்றது. இப்போது பின்தெருப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அதற்கும் கூட்டம் வைக்கப்போகிறார்கள். டெய்லர் அக்கா என்னைப் பேச வரச் சொல்லவில்லை. வருவேன் என்று அவளுக்குத் தெரியும்.

பந்தல்காரரிடம் மட்டும் சொன்னாள்.

"முன்வரிசையில அஞ்சு நாற்காலி சேத்துப் போடு. அதுல யாரையும் உக்கார விடாத."