பீரோவுக்கும் லாரிக்கும் ஒரே கட்டு

என் தம்பி இருபத்தெட்டு வருடமாக ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறான். அவன் பட்டையைக் கையில் எடுத்ததுமே பாதி எலும்பு பயந்து கூடிவிடும். மாலையில் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போவான். வீரர்கள் கையுறை மாட்டுமுன் விரல் விரலாகத் துணிப்பட்டை சுற்றிவிடுவது அங்கே அவன் வேலை.

ஒல்லிப்பிச்சான்களாக வந்து அவன் கையில் ஹெவிவெயிட் ஆனவர்கள் இருவர். நின்றால் ஜன்னல் வெளிச்சத்தை அடைப்பவன் பீரோ. நடந்தால் அடுத்த தெருப் பாத்திரங்கள் அதிரும், அவன் லாரி. இருவரும் இதுவரை தோற்றதில்லை. இவர்களையே மோதவிட்டால் என்ன என்று யாரோ கேட்டுவைக்க, ஊர் இரண்டானது.

மாவுக்கட்டு அறையிலும் அதே பேச்சு.

"லாரி ஒரு இடி இடிச்சா பீரோ கதவு கழண்டுடும்," என்றார் மணிக்கட்டு முறிந்த தபால்காரர்.

"பீரோவை நகர்த்தவே நாலு ஆள் வேணும் சார். உங்க லாரிக்கு மூணாவது ரவுண்டுல மூச்சு வாங்கும்," என்றார் முழங்கை போன எலக்ட்ரீஷியன். சொன்னதோடு நில்லாமல் பீரோவின் குத்தை வீசியும் காட்டினார். ஈரக் கட்டு விரிந்தது. அன்று அவருக்கு மட்டும் மூன்று கட்டு.

"நீங்க யார் பக்கம்?" என்று கேட்டால் தம்பி அடுத்த பட்டையை நனைக்கப் போய்விடுவான். குத்துச்சண்டையில் ஒரு விதி உண்டு: வீரனுக்குப் பட்டை சுற்றும்போது எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளே கெட்டியாக எதையாவது ஒளித்துவிடக் கூடாதல்லவா? கட்டுபவர் ஒரு தரப்பு, பார்ப்பவர் மறு தரப்பு. ஆகவே சண்டை நிச்சயமானால் அவன் ஒருவன் பக்கம்தான் நிற்க முடியும். மற்றவன் கையை வேறு எவனோ கட்டுவான். அந்த நினைப்பில் தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. யோசனையில் மேஜைக் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டான் என்று அவன் மனைவி சொன்னாள். அந்தக் கதையில் நாற்காலியையும் சேர்த்துக்கொண்டது நான்.

"ரெண்டு பேருக்கும் வரலைன்னு சொல்லிடுங்க," என்றாள் அவள்.

அதுவே சரியென்று ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்கு அழைத்தான். அவர்கள் உட்கார்ந்ததும் சோபா தரையைத் தொட்டது.

"நான் ஒதுங்கிக்கிறேன்பா."

"நாங்க பேசி முடிச்சாச்சுண்ணே," என்றான் லாரி. "எனக்கும் நீங்கதான் கட்டறீங்க, அவனுக்கும் நீங்கதான்."

"அப்ப பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறது யாரு?"

"எங்க தரப்பு ஆள்னு உங்க பேரைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்," என்றான் பீரோ.

"நானும்," என்றான் லாரி.

"நான் கட்டறதை நானே வேவு பார்க்கணுமா?"

"நல்லா முறைச்சுப் பாருங்கண்ணே. உங்களை நம்ப முடியாது."

போட்டி நடத்துபவர்கள் தலையைச் சொறிந்தார்கள். பிறகு தங்கள் ஆள் ஒருவரையும் உட்காரவைத்து ஒத்துக்கொண்டார்கள்.

எட்டு ரவுண்டு நடந்தது. மறுநாள் காலை தம்பி வீட்டுக்குப் போனேன். வெட்டியெடுத்த நான்கு பட்டைகளும் சாப்பாட்டு மேஜைமேல் இருந்தன.

"பாருக்கா, ஒரு மடிப்புகூட கலையல."

"யாருடா ஜெயிச்சா?"

"நடுவர் யார் கையையோ தூக்கினாரு." மனைவியிடம் தட்டை இரண்டாம் முறை நீட்டினான். "கட்டு தளர்ந்திருக்கான்னுதான் நான் பார்த்தேன்."