கேஸ் பார்க்கிறவனின் மூக்கு

எனக்கு மணம் தெரியாது. சில வருடங்களுக்கு முன் ஊரெல்லாம் பரவிய காய்ச்சல் எனக்கும் வந்தது. போகும்போது இருமலைக் கொண்டுபோனது, உடல்வலியைக் கொண்டுபோனது, மூக்கையும் கொண்டுபோய்விட்டது. நெய்யாற்றின்கரையில் பார்த்த மருத்துவர் முதலில் வந்துவிடும் என்றார். அடுத்த முறை வரலாம் என்றார். அதற்கடுத்த முறை என்ன சொல்வார் என்று எனக்கே தெரிந்ததால் நான் போகவில்லை.

வருத்தம் உண்டு. முதல் மழை விழும்போது வீட்டில் எல்லோரும் மூக்கை நிமிர்த்துவார்கள். நான் குடையைத் தேடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழியும்போது என் மனைவி உள்ளிருந்து "மணம் வரல்லியா?" என்று கேட்டுவிட்டு, அவளே நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இதைச் சொல்லிவிட்டு என் தொழிலையும் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். குழாய் வழியாக வீடுகளுக்குச் சமையல் கேஸ் வருகிறதல்லவா, அது எங்கே கசிகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்த கேஸுக்குச் சொந்தமாக மணம் எதுவும் கிடையாது. கசிந்தால் ஜனங்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு நாற்றத்தை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டுக் கலந்தது என்னிடம் மட்டும் வீணானது. காய்ச்சலுக்கு முன்னால் நான் குழாய் பொருத்துகிற பிட்டராக இருந்தேன். விஷயம் தெரிந்ததும் மேலாளர் அந்த வேலையிலிருந்து என்னை எடுத்து, கையில் லேசர் கருவியைத் தந்தார். "இதுக்கும் மூக்கில்ல, ஒனக்கும் மூக்கில்ல. ஒத்துப்போவும்" என்றார். தமாஷுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கருவி ஒரு கையில் அடங்கும். தூரத்தில் நின்று குறிவைத்து அழுத்தினால் சுவரில் ஒரு பச்சைப் புள்ளி விழும். அந்தப் புள்ளியோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிரும் போய், சுவரில் பட்டுத் திரும்பி வரும். போகிற வழியில் மீத்தேன் இருந்தால் திரையில் எண் ஏறும், கருவி கூவும். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றே அடுக்களைக்குள் பார்த்துவிடலாம். வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை.

பாறசாலை ரோட்டில் நான் இதைத் தூக்கிப் பிடித்தால் ஸ்கூட்டர்கள் தானாக வேகம் குறைக்கும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்தவர்கள் தலையில் மாட்டுவார்கள். ஒருவர் தாமாகவே வண்டியை ஓரம்கட்டி லைசென்ஸை எடுத்து நீட்டினார். நான் கேஸ்காரன் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. பூனைகளுக்கு மட்டும் என்மேல் தப்பெண்ணம் எதுவும் இல்லை. பச்சைப் புள்ளி போகிற இடமெல்லாம் அவையும் வரும்.

சிலர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து பார்க்கச் சொல்வார்கள். சிலிண்டரில் இருக்கிற கேஸ் வேறு, அதை இந்தக் கருவிக்குத் தெரியாது. இதற்குத் தெரிந்தது ஒரே ஒரு கேஸ்தான். ஆனால் அது எங்கிருந்து வந்தாலும் தெரியும். குழாயை விட்டுவிட்டு செப்டிக் டேங்கைப் பார்த்துக் கூவிய நாட்கள் நிறைய. எவ்வளவு பதமாகச் சொன்னாலும் அந்த வீட்டுக்காரர்கள் பிறகு என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

ஆகவே, கருவி கூவினால் ஒரு மூக்கையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மற்றவர்களுக்கு அது சொந்த மூக்கு. நான் ஆள் பிடிக்க வேண்டும். தனுவச்சபுரம் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் கல்லூரிப் பிள்ளைகள் எனக்காக வரிசையாக நின்று முகர்ந்து பார்த்தார்கள். ஒருவன் மணம் உண்டு என்றான், ஆனால் அது கூட நிற்கிற தன் கூட்டுக்காரனிடமிருந்துதான் வருகிறது என்றான். அதை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

இப்படி ஒரு நாள் முற்பகலில் கொல்லயில் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்பக்கம் போய் நின்றேன். அந்த வீட்டில் தனியாக இருக்கிற அக்கா விசேஷங்களுக்குச் சமைத்துக்கொடுக்கிறவர். கணவர் இல்லை, மகன் வளைகுடாவில். கைப்பக்குவத்தைவிட அவரது மூக்குக்குத்தான் ஊரில் பெயர். தேங்காய் எண்ணெய் டின்னைத் திறக்காமலே காறல் வாடை உண்டா என்று சொல்லிவிடுவாராம். மீன்காரர்கள் அவர் வாசலில் பழைய மீனை இறக்க மாட்டார்களாம். மறுநாள் பக்கத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு, மத்தியானச் சாப்பாடு முழுக்க அவர் பொறுப்பு. முற்றத்தின் மறுகோடியில், பலாமரத்துக்குப் பக்கத்தில், விறகடுப்பில் பெரிய உருளி ஏறியிருந்தது. தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுபட்டுக்கொண்டிருந்தது.

அடுக்களையின் மூடிய ஜன்னல் வழியாக உள்சுவரில் புள்ளியை வைத்தேன். கருவி கூவியது. எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அக்காவைக் கூப்பிட்டு, கேஸ் கசிகிற மாதிரி இருக்கிறது, உள்ளே போய் எதையும் பற்றவைக்க வேண்டாம், ஸ்விட்சையும் தொட வேண்டாம் என்றேன். மீட்டர் வால்வை அடைக்கப்போகிறேன் என்றும் சொன்னேன்.

அக்கா நேராக வந்து வால்வுக்கு முன்னால் நின்றுகொண்டார். விறகடுப்பு ஒன்றுதான் உண்டு, அதில் கறிகள் ஆகும், பாயசமும் சோறும் கேஸில்தான் ஆக வேண்டும், நாளைக்குப் பந்தியில் இலை போட்ட பிறகு நான் வந்து பதில் சொல்வேனா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மணம் ஏதாவது வருகிறதா என்று நான் வழக்கப்படி கேட்டேன்.

"எனக்க மூக்குக்குத் தெரியாத்த மணமா மக்கா? ஒண்ணும் இல்ல. நல்ல சுத்தமான காத்தாக்கும்" என்றார்.

மேலாளருக்குப் போன் செய்தேன். யார் வீடு என்று கேட்டார். சொன்னேன். அந்த அக்காவே மணம் இல்லை என்றால் இல்லைதான், செப்டிக் டேங்காக இருக்கும், எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ என்றார். கருவியைவிட அவருக்கு அந்த மூக்கில் நம்பிக்கை இருந்தது. அவர் மகளின் நிச்சயத்துக்கும் அந்த அக்காதான் சமைத்தார்.

எனக்கு மனசு வரவில்லை. செப்டிக் டேங்க் இருந்தது முன்பக்கத்தில். அக்காவை ஜன்னலருகே கூட்டிக்கொண்டுபோய், உள்சுவரில் புள்ளியை வைத்து, எண் ஏறுவதைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, எனக்கு மணக்கிறதா என்று கேட்டார். என் மூக்கை நம்பி நான் வேலை செய்வதில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை. மணத்துக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க, அவர் மறுக்க, நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி நிறைய நேரம் பேசிக்கொண்டு நின்றோம்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் எரிச்சலோடு வந்தது.

"அக்கா, தேங்கா கரியுது. எனக்க துணியெல்லாம் மணம் பிடிக்குது."

திரும்பினோம். உருளியிலிருந்து கரும்புகை பலாமரத்தின் பாதி உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிப்போய் உருளியை இறக்கினார். தேங்காய் முழுக்கக் கரியாகியிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீயும் திரும்பிப் பாக்கல்லியே மக்கா" என்றார்.

"எனக்கு மணம் தெரியாது அக்கா."

"காய்ச்சலிலயா?"

"காய்ச்சலில."

அவர் மதிலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அதிலதான்."

நான் கருவியை அணைத்தேன். அக்கா திண்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், யாரிடமாவது சொல்லக் காத்திருந்த மாதிரி. எண்ணெயை இப்போது நுரையைப் பார்த்து அறிகிறார். மீனைச் செவுளைத் தூக்கி, கண்ணை அமுக்கிப் பார்க்கிறார். கடுகும் வெங்காயமும் காதுக்குத் தெரியும். தேங்காய் நிறத்தில் தெரியும், பக்கத்திலேயே நின்றால். உப்பும் புளியும் நாக்கில் நிற்கிறது, மற்றதெல்லாம் கை செய்கிறது. பழைய பெயர் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வியாபாரிகள் டின்னை நீட்டும்போது வழக்கம்போல முகர்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாராம்.

"மணம் தெரியாத்தவ வச்ச கறிய ஆரு மக்கா பந்தியில வெளம்புவா? வெளிய அறிஞ்சா அண்ணைக்கோட எனக்க அடுப்பு அணைஞ்சுது. நீ ஆருகிட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா."

சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு வால்வை அடைத்தேன். அவர் இந்தத் தடவை தடுக்கவில்லை. அன்று காலையிலும் அந்த அடுக்களைக்குள்தான் அவர் தீப்பெட்டி உரசி கட்டன்சாயா போட்டிருக்கிறார். கையெட்டிய ஜன்னலை வெளியிலிருந்து திறந்துவைத்துவிட்டு பிட்டருக்குப் போன் செய்தேன்.

பிட்டர் நல்ல பையன், நல்ல வேலைக்காரன். வாய் மட்டும் நிற்காது. அவன் காதில் விழுந்தது சாயங்கால ரயிலுக்கு முன்னால் பாறசாலை ஸ்டேஷனுக்குப் போய்விடும். வந்தவன் உள்ளே போய் அடுப்புமேடையின் கீழ்க்கதவைத் திறந்தான். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தான். ரப்பர் குழாய் இணைப்பில் இளகிப்போயிருக்கிறது என்றான். இருமினான். பிறகு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஈயும் சாகும், அந்த மாதிரி மணம். அக்காக்குத் தெரியல்லியா? அக்காக்க மூக்குக்கே தெரியல்லியா?"

என் மூக்கு விஷயம் அவனுக்குத் தெரியும், அதனால் அவன் கேள்வி அக்காவுக்குத்தான். அக்கா முந்தானையின் ஓரத்தைப் பிடித்துத் திருகினார். மூக்குக்குப் பேர்போன அந்த மனுஷி அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா சொல்லித்தானே நான் பாத்தேன்" என்றேன். "நான் ரோட்டோட போயிட்டிருந்தேன். அக்காதான் மணம் அடிக்குதுன்னு விளிச்சா. மெஷின் பெறவாக்கும் கூவிச்சு."

கருவி என் கையில்தான் இருந்தது. அது மறுத்துப் பேசாது. மேலாளர் கேட்டால், முதலில் புகையில் நின்றதால் அக்காவுக்குத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பிட்டர் மரியாதையோடு அக்காவைப் பார்த்து, அதுதானே என்றான். அக்கா என்னைப் பார்க்காமல், தேங்காய் துருவ வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குழாயை மாற்றி, சோதித்து, வால்வைத் திறந்து நாங்கள் கிளம்பும்போது உருளியில் புதுத்தேங்காய் விழுந்துவிட்டது. பிட்டர் பைக்கில் போனான். நான் நடந்து அடுத்த வீட்டைத் தாண்டும்போது, கேட்டில் நின்றிருந்த பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. தையல்காரி, மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குரல். பலாமரக் கிளை மதில் தாண்டியதில் அக்காவுக்கும் அவளுக்கும் சண்டை என்று கேள்விப்பட்டிருந்தேன். துணியில் புகைமணம் ஏறியதற்கு என்னையும் ஏசப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்காக்கு மணம் தெரியாதுன்னு ஒங்களுக்கு இண்ணைக்கு அறிஞ்சிருக்கும்" என்றாள்.

நான் எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன்.

"எனக்கு முன்னமே அறியும். கெட்டுப்போன சாளைய நல்ல மீனுன்னு சொல்லிட்டு இருந்து கழுவினா. மதிலுக்கு இஞ்ச நின்ன எனக்கு ஓங்கரிச்சிட்டு வந்துது. ஈச்ச மொய்க்குது, வீட்டுல இருக்க முடியல்லன்னு சண்ட போட்டு அத வெளிய கொட்ட வச்சேன். அதுக்குப் பெறவு தையல் மெஷின மதிலப் பாத்த ஜன்னலுக்குப் பக்கத்துல போட்டாச்சு."

சண்டைக்குப் பதிலாக அன்பாகவே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அன்பா சொன்னா நமக்கு அறியும்னு அவளுக்கு அறிஞ்சு போவுமே. சண்டக்காரின்னு நெனச்சா நெனைக்கட்டு." நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டாள். "கேஸு மட்டும் மதிலு தாண்டி எனக்கு வரல்ல. அத நீங்க இடைக்கிடை வந்து பாத்துக்கிடணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் உள்ளே போனாள். நான் ரோட்டுக்கு ஏறுவதற்குள் அவள் குரல் கேட்டது. என்னிடம் பேசிய குரல் இல்லை, முழு எரிச்சலோடு எழுந்த வேறு குரல்.

"அக்கா, தேங்கா செவந்தாச்சு. மனுசருக்கு மூச்சு விடாண்டாமா? எறக்குங்க."

"எனக்குத் தெரியும் பிள்ளே" என்றார் அக்கா. "நீ ஒனக்க சோலியப் பாரு."

உருளியைத் தரையில் இறக்குகிற சத்தம் கேட்டது.