"பயமாக் கிடக்கோ" என்று கேட்டவர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இன்று முல்லைத்தீவில் மீன் வாங்கி விற்கும் வாடியும் நான்கு படகும் என் கையால் உண்டாக்கியவை. அப்படிப்பட்ட என்னையும், பேரன் எவரோடும் பேசுவதில்லை என்பதற்காக, மனம் சோர்ந்த பிள்ளைகளின் வீட்டாருக்கு நடந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

எனக்குச் சோடியாக வந்தவர் ஒரு மீனவர். கறுத்து இறுகிய உடம்பு. எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகியதால், "தண்ணி தாங்கோ" என்பதையும் கரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவார். அவருடைய மகள் மாதக்கணக்காக அறையை விட்டு வெளியே வரவில்லை.

வகுப்பு நடத்திய ரீச்சர் என்னை மகளாகவும் அவரைத் தகப்பனாகவும் நடிக்கச் சொன்னார்.

"நான் பள்ளிக்கூடம் போகமாட்டன்," என்றேன்.

"ஏன் போகமாட்டாய்?" என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே சிரித்தது.

"அண்ணை, காரணம் கேளாதேங்கோ. பிள்ளையின்ர மனசில என்ன கிடக்கெண்டு மெதுவாக் கேளுங்கோ," என்றார் ரீச்சர்.

அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அந்தத் தொண்டையில் இருக்கும் என்று நான் நினைத்தே இராத குரலில், "பயமாக் கிடக்கோ, பிள்ளை?" என்றார்.

ஊரில் எல்லோரும் என்னிடம் விலை கேட்பார்கள், வேலை கேட்பார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. "ஓம், பயம்தான்" என்று சொல்ல வேண்டியவன், நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"அச்சொட்டா என்ர மகள்தான், முதலாளி. இப்பிடித்தான் குனிஞ்சு கொண்டிருப்பாள்," என்றார். "ரீச்சர், இனி நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் சொல்லாமல் பக்கத்தில இருங்கோ."

கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். அவருடைய மகள் பிறகு வாய் திறந்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் நடித்ததாகத்தான் அவர் நம்பினாரா என்பதும் தெரியாது. ரீச்சர் போதும் என்ற பிறகும் அவர் எழும்பவில்லை.