அவர் கைகள் எங்கே இருந்தன

அடையாறில் இருக்கும் எங்கள் அலுவலகம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறது. என் குழுவில் இரண்டு பேர் அடுத்தடுத்து வேலையை விட்டார்கள். அடுத்து, என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த ராயப்பேட்டைக்காரர், வேறு கம்பெனியில் அழைப்பதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் அவர் அங்கே பதில் சொல்ல வேண்டும். அவரும் போனால் குழுவின் பொறுப்பு என்னிடம் இருக்காது என்று நிர்வாகம் நேராகவே சொல்லிவிட்டது. கூடவே எனக்கு ஒரு கோச்சையும் ஏற்பாடு செய்தது. மேலாளர்களுடன் தனியாகப் பேசிப் பயிற்சி தருபவர்.

முதல் கோச்சைத் தி. நகரில் ஒரு ஹோட்டலில் சந்தித்தேன். மிகவும் பிடித்துப்போனது. பிரச்சினையில் பாதியை நான் சொல்வதற்குள் மீதியை அவரே சொல்லிவிட்டார். பாராட்டு, பொறுப்பு, எதிர்காலம் என்று தலைப்புகளும், ஒவ்வொன்றின் கீழும் பேச வேண்டியவையும் அன்றே போனுக்கு வந்தன. பட்டியல் கிடைத்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். மறுநாள் மூத்தவரைச் சாப்பிட அழைத்துப்போய் வரிசை மாறாமல் சொல்லி முடித்தேன்.

அவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“இன்னா மேடம், ட்ரெயினிங் எதுனா போனீங்களா? வாழக்கா வறுவலு நல்லா கீது. சாப்டுங்க.”

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் பனகல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதை விட்டேன்? எதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்? ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி நடந்தேன்.

முதல் கோச்சுக்கு வெளியூரில் வேலை வந்துவிட, மயிலாப்பூரிலிருந்து இன்னொருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண். “நீங்க வேலை செய்றத ஒரு தடவ பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, எங்கள் காலைக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுதிய கணினி நிரல் சுவர்த் திரையில் ஓடும். தவறு கண்ணில் பட்டால் கீபோர்டை என் பக்கம் இழுத்து அங்கேயே திருத்திவிடுவேன். நேரம் மிச்சம். அதை உதவி என்றுதான் நினைத்திருந்தேன். அன்று மூத்தவர் எழுதியதை அப்படித் திருத்தினேன்.

எல்லோரும் கலைந்த பின் அந்தப் பெண் கேட்டார்: “நீங்க டைப் பண்ணும்போது அவர் கை எங்க இருந்தது?”

தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டு, கூட்டத்தைச் சுருக்கலாம், வேலையை மாற்றிக் கொடுக்கலாம் என்று தீர்வுகளை அடுக்கினேன். அவர் குறுக்கிடவில்லை. நான் நிறுத்திய பிறகும் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நாளைக்குப் பாருங்களேன்” என்றார்.

பார்த்தேன். நான் கீபோர்டை இழுத்ததும் மூத்தவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். கண் திரையில் இல்லை, ஏசியில் இருந்தது. பாதி வரியில் நிறுத்தி, கீபோர்டை அவரிடம் தள்ளினேன்.

“இன்னா ஆச்சு?”

“நீங்களே பண்ணுங்க.”

முதல் முயற்சியில் நிரல் ஓடவில்லை. மாற்ற வேண்டிய வரி எனக்குத் தெரிந்தது. விரல்கள் துறுதுறுத்தன.

“மேடம், கால ஆட்டாதீங்க. டேபிள் ஆடுது. நிலநடுக்கம்னு மேல்மாடிக்காரன் எறங்கி ஓடிடப் போறான்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பதில் நுனிநாக்கில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அந்த மயிலாப்பூர்ப் பெண் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. மூத்தவர் நிரலைச் சரிசெய்தார். நான் செய்திருக்கக்கூடிய வழியில் அல்ல, அதைவிடச் சுற்றுவழியில். ஆனால் ஓடியது.

அந்த வாரம் முழுவதும் கீபோர்டு அவரிடமே இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை லிஃப்ட் வாசலில் இருவரும் நின்றோம். அந்தக் கம்பெனிக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்க வேண்டும். பை வாரை முறுக்கிக்கொண்டு லிஃப்ட் எண்களையே பார்த்தேன்.

“கேட்டுடுங்க மேடம். கேக்காம போனா ரெண்டு நாளும் தூங்க மாட்டீங்க” என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. லிஃப்ட் வந்து, திறந்து, மூடியது. அவரும் ஏறவில்லை.

“இப்ப வரலன்னு அங்க சொல்லிட்டேன். மூணு மாசம் இங்க பாக்கறேன்” என்றார். பிறகு விரலை நீட்டினார். “ஆனா திங்கக்கெழம மறுபடி கீபோர்ட இழுத்தீங்க, அப்புறம் இருக்கு.”